பறவைகள் கலையாத காலை

பறவைகளைப் படம் எடுக்கப் போகிறவன் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது இருமலை அடக்குவது. கேமராவெல்லாம் அப்புறம். தொண்டையில் கரகரப்பு வரும், விழுங்கிவிட வேண்டும். கொசு கன்னத்தில் உட்கார்ந்து ஆற அமரக் குடித்துவிட்டுப் போகும், விட்டுவிட வேண்டும். இது கைவந்துவிட்டால் மற்றதைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

இன்ஸ்பெக்டர் அய்யா, இதை நானே என் கையால் எழுதித் தருகிறேன் என்று கேட்டதற்குக் காரணம் உண்டு. காலையில் நான் சொல்லச் சொல்ல உங்கள் ஏட்டு எழுதினார். நல்ல மனிதர், டீ வாங்கிக் கொடுத்தார். ஆனால் எழுதியதை வாங்கிப் படித்தால், மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா, நீர்க்காகம் எல்லாவற்றையும் 'கொக்கு' என்றே போட்டு வைத்திருக்கிறார். சொல்வதானால் சரியாகச் சொல்ல வேண்டும் இல்லையா. தவறாகச் சொல்வதற்கு நான் எதற்கு இங்கே வந்து உட்கார வேண்டும்.

என் பெயர் மாதவன். வீடு அவிநாசியில். வேலை திருப்பூருக்கு வெளியே ஒரு சாயப்பட்டறையில், மேனேஜர். பனியன் துணி எங்களிடம் அழுக்கு வெள்ளையாக வந்து, வெளிநாட்டுக்காரன் கேட்ட கலரில் திரும்பிப் போகும். வாரம் முழுக்க அந்த ஆவியிலும் நாற்றத்திலும் கிடப்பவன், லீவு கிடைத்தால் எங்கே ஓடுவான். நான் காட்டுக்கு ஓடினேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதனால் எங்கே போகிறாய் என்று கேட்கவும் ஆள் இல்லை. கட்ச் உப்பு வெளியில் பூநாரைகள், வால்பாறைப் பனிமூட்டத்தில் இருவாச்சி, கபினிக் கரையில் ஒற்றைக் கொம்பன். வெயில், மழை, அட்டைக்கடி எதற்கும் நான் முகம் சுளித்தது இல்லை.

படங்கள் நன்றாகத்தான் வந்தன. அதுதான் சிக்கலே. எல்லார் படமும் நன்றாகத்தான் வருகிறது. கோயம்புத்தூரில் ஒரு கண்காட்சியில் என் பூநாரைப் படத்துக்கு முன்னால் ஒருவர் வெகுநேரம் நின்றார். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. பக்கத்தில் போனபோதுதான் தெரிந்தது, காபி டம்ளரை வைக்க இடம் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். சிரிக்கலாம், நானும் சிரித்தேன். ஆனால் அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தேன். பார்க்கிறவன் டம்ளரைக் கீழே போடுகிற மாதிரி ஒரே ஒரு படம் எடுத்துவிட்டால் போதும் என்று இருந்தது.

இனி முகமது ரபீக்கைப் பற்றி. அவன் எங்கள் கம்பெனி வேன் டிரைவர். சொந்த ஊரே திருப்பூர்தான். காலையில் வேலைக்கு வரும் பெண்களை ஊர் ஊராக ஏற்றிக்கொண்டு வருவான், சாயங்காலம் கொண்டுபோய் விடுவான். லீவு நாளில் எனக்கு ஓட்டுவான். முதலில் கூலிக்கு வந்தான், பிறகு அவனுக்கும் பித்துப் பிடித்துவிட்டது. கேமரா ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடப்பான். மரங்கொத்தியைப் பார்த்துவிட்டு, "இதென்னுங்க சார், நம்ம பவர் டேபிள் தையல் மிஷின் மாதிரி அடிக்குது" என்பான். அவனுக்கு வலது தோள் ஒருமுறை விபத்தில் முறிந்து சரியாகக் கூடவில்லை. எதற்கும் இடது கையைத்தான் தூக்குவான். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் வரும்.

காட்டில் பேசக்கூடாது அல்லவா, அதனால் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு வைத்திருந்தோம். நான் பச்சை வலையைப் போர்த்திய மறைவுக்குள் படுத்திருப்பேன். அவன் வெளியே தள்ளி எங்காவது இருப்பான். ஓர் இடத்துக்கு நகர வேண்டும், ஒன்று செய்ய வேண்டும் என்றால் கையைத் தூக்கி என் பக்கம் பார்ப்பான். கூடாது என்றால் நான் ஒரு சிவப்புத் துணியை வலைக்கு வெளியே நீட்டுவேன். கட்டிங்கில் மிஞ்சிய பனியன் துண்டுதான். துணி தெரியாவிட்டால் போகலாம் என்று பொருள்.

டாப்ஸ்லிப்பில் ஒரு காலை, அவன் ஓடையைத் தாண்டுவதற்குக் கை தூக்கினான். அவன் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் எதிரே வெறும் மூங்கில். என் லென்ஸில் மூங்கிலுக்குள் ஒரு காது அசைவது தெரிந்தது. துணியை நீட்டினேன். எடுத்து வைத்த காலை அப்படியே நிறுத்தினான். மூச்சு விடுகிற நேரத்தில் குட்டியோடு ஒரு பெண் யானை அந்த ஓடையில் இறங்கியது. வேனுக்குத் திரும்பிய பிறகுதான் அவன் வாயைத் திறந்தான். "இனி என்ற கண்ண நம்பமாட்டனுங்க சார். உங்க துணியத்தான் நம்புவனுங்க" என்றான். வீட்டில் பெண்டாட்டி காத்தூன் பீவியிடமும் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறான். ரம்ஜானுக்கு அவர் எனக்குப் பிரியாணி கொடுத்தனுப்பும்போது தூக்குவாளியின் மேல் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி அனுப்பினார். விளையாட்டுக்குத்தான்.

எங்கள் பட்டறைக்குப் பின்னால் கோட்டைக்காட்டுக் குளம் இருக்கிறது. மழைக்காலம் முடிந்தால் நாலைந்து நாரை வரும், பத்துக் கூழைக்கடா வரும். பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. குளத்தை மீன் குத்தகைக்கு எடுத்திருந்தவர் ராக்கையா, ராமநாதபுரம் பக்கத்துக்காரர். கரையின் மேல் எங்கள் கழிவுநீர்த் தொட்டி. அதை ஒட்டி, ஆள் உயரத்துக்கு மேல் ஆழமான ஒரு குழி. குழியின் அடியில் வால்வு. அதைத் திறந்தால் தொட்டித் தண்ணீர் குளத்துக்குப் போய்விடும், ஆகவே திறக்கக்கூடாது. வால்வைத் திருக யாரும் உள்ளே இறங்க வேண்டியதில்லை. மேலே நின்றபடியே திருக மூன்று துண்டாகக் கழற்றி மாட்டுகிற நீளமான ஓர் இரும்புச் சாவி உண்டு. அது குழியருகே ஒரு கொக்கியில் தொங்கும், என் பொறுப்பு.

ஒரு மழைக்காலத்தில் வால்வு சரியாக மூடாமல் ராத்திரி முழுக்கத் தண்ணீர் கசிந்துவிட்டது. விடிந்ததும் ஓடிப் போய்ப் பார்த்தேன். சாயத் தண்ணீர் கலந்தால் குளத்தில் காற்று குறைந்துவிடும். மீனெல்லாம் மேலே வந்து வாயை வாயைத் திறந்துகொண்டு நின்றன. ஜிலேபி, கெண்டை, எல்லாம். அதை எந்தப் பறவை எந்தப் பறவைக்குச் சொல்லியதோ, வானம் முழுக்க நாரைகள் இறங்கிக்கொண்டிருந்தன. கூழைக்கடாக்கள் வரிசை கட்டி வந்தன. நீர்க்காகங்கள், பருந்துகள். தண்ணீரே கண்ணுக்குத் தெரியவில்லை. மேலே செம்பழுப்பில் சாயம் கரைந்து, அதில் விடியல் வெளிச்சம் பட்டு, கட்ச்சிலும் கபினியிலும் நான் தேடி அலைந்தது என் பட்டறையின் கொல்லைப்புறத்தில் நின்றுகொண்டிருந்தது. என் கையில் கேமரா இல்லை. ஓர் ஆள் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய துக்கம் இருக்குமா என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. நிஜமாகவே அழுதேன்.

அதன்பிறகு சில தடவை நானே திறந்துவிட்டேன். கொஞ்சமாகத்தான். மீன் எப்படியும் பறவைக்குத்தான் போகிறது. ராக்கையா பட்டறை வாசலில் வந்து சத்தம் போட்டார், வால்வு பழசு என்று சமாதானம் சொல்லி அனுப்பினேன். ஆனால் நான் நினைத்த அளவுக்குப் பறவை வரவில்லை. தண்ணீர் போதவில்லை என்று புரிந்தது.

2006 டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, கறுப்புச் சாயம் போடும் ஆர்டர் ஒன்று ஓடி முடிந்திருந்தது. தொட்டி நிரம்பி வழிந்தது. அந்தக் கறுப்புச் சாயத் தண்ணீரோடு ஆசிட் தண்ணீர் சேர்ந்தால் ஒரு வாயு கிளம்பும். கொஞ்சமாக இருந்தால் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமானால் நாற்றமே தெரியாது. முதலில் மூக்கு செத்துவிடும், அப்புறம் ஆள். காற்றைவிடக் கனமானது என்பதால் பள்ளத்தில் போய்த் தங்கும். அன்றைக்கு இரண்டு தண்ணீரும் அந்தத் தொட்டியில்தான் இருந்தன, குழிக்குள்ளும் கசிந்திருந்தது. இதெல்லாம் எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். 'குழியில் இறங்காதே, உயிருக்கு ஆபத்து' என்று பலகை எழுதி மாட்டியதே நான்தான். பலகை பட்டறைக்குள் மாட்டியிருந்தது. வேன் டிரைவர் பார்க்கிற இடத்தில் இல்லை.

சாயங்காலம் எல்லாரும் போன பிறகு வால்வை முழுதாகத் திறந்தேன். காவலாளி பார்த்துவிட்டு மூடிவிடக்கூடாது என்று இரும்புச் சாவியைக் கழற்றி, ஸ்டாண்டுப் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன். மறுநாள் ஞாயிறு, பட்டறை லீவு. விடியுமுன் ரபீக் வேனோடு வந்தான். குளத்தடியில் இறங்கியதும் பையைத் தோளில் போட்டவன், "ஸ்டாண்டு இன்னிக்கு என்னவோ கனமா இருக்குதுங்க சார்" என்றான். பனியில் நனைந்திருக்கும் என்றேன். மறைவுவரை அவன்தான் தூக்கி வந்து வைத்தான். பிறகு அவனை ரோட்டோரம் வேனில் இருக்கச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

தொட்டிக்கு எதிர்க்கரையில், வலைக்குள் படுத்துக்கொண்டேன். முதலில் இருட்டில் ஒரு சத்தம்தான் கேட்டது, சோளப்பொரி பொரிகிற மாதிரி. மீன்கள் மேலே வந்து வாய் திறக்கும் சத்தம். வெளுக்க ஆரம்பித்ததும் நாரைகள் வந்தன. நான் மனதுக்குள் எண்ணத் தொடங்கி, சீக்கிரமே விட்டுவிட்டேன். கூழைக்கடாக்கள் எனக்கு மிக அருகில், வலைக்கு முன்னாலேயே வந்து இறங்கின. அவற்றின் தொண்டைப் பையில் மீன் துள்ளுவது லென்ஸ் இல்லாமலே தெரிந்தது. என் நெஞ்சு அடித்துக்கொள்ளும் சத்தத்தில் அவை கலைந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. இன்னும் சூரியன் வரவில்லை. சூரியன் கரைக்கு மேலே வந்து அந்தத் தண்ணீரில் பட வேண்டும், அதுவரைக்கும் ஒன்றும் ஆகிவிடக்கூடாது. சாமி கும்பிடாத நான் அன்றைக்குக் கும்பிட்டேன்.

அப்போதுதான் எதிர்க்கரையில் ரபீக் வந்தான்.

வேனில் இருந்தவனுக்கு வாடை அடித்திருக்கும், கரையேறிப் பார்த்திருப்பான். அவன் நடந்த விதத்தைச் சொல்ல வேண்டும். குனிந்து, நிழலோடு நிழலாக, ஒவ்வோர் அடியாக, பறவை கலையாமல் வந்தான். நான் கற்றுக்கொடுத்த நடை. ஒரு நாரைகூடத் தலையைத் திருப்பவில்லை. தொட்டி அருகே வந்து குழிக்குள் எட்டிப் பார்த்தான். வால்வு திறந்து கிடப்பது தெரிந்திருக்கும். யாரோ மறந்துபோய்த் திறந்து விட்டுவிட்டார்கள், நாளைக்கு மேனேஜர் தலையில்தான் விடியும் என்று நினைத்திருப்பான். அவன் அப்படித்தான் நினைப்பான், எனக்குத் தெரியும். சாவி மாட்டியிருக்கும் கொக்கியைப் பார்த்தான். சாவி இல்லை. சுற்றிலும் புல்லுக்குள் தேடினான். சாவி என் இடுப்புக்குப் பக்கத்தில், அவன் கொண்டுவந்து வைத்த பைக்குள் இருந்தது.

பிறகு குழியின் விளிம்பில் நின்று, மறைவு இருக்கும் திசையைப் பார்த்து, இடது கையைத் தூக்கினான்.

சூரியன் அந்த நிமிடம் கரைக்கு மேலே வந்தது. நான் சத்தம் போட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்டீர்கள். போட்டிருக்கலாம். அந்தக் குளத்தில் நின்று கூப்பிட்டால் எதிர்க்கரைக்குக் கேட்கும். ஆனால் சத்தம் போட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள், அத்தனை பறவையும் எழுந்து போய்விடும். போனால் அந்த வெளிச்சம் திரும்ப வராது. நான் பட்டனை அழுத்தினேன். அவன் கையைத் தூக்கியபடியே கொஞ்சநேரம் நின்றான். வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றான் என்றுதான் எனக்கு ஞாபகம். பிறகு கையை இறக்கினான். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, குழியின் சுவரில் கால் வைத்து இறங்கினான்.

வால்வை அவன் பாதிக்கு மேல் மூடியிருந்தான். பிறகு பார்த்தபோது தெரிந்தது. மூச்சு இருந்தவரை திருகியிருக்கிறான்.

நான் அவனைத் தள்ளவில்லை, தொடக்கூட இல்லை. நடுவில் ஒரு குளமே இருந்தது. கேமரா கார்டை நீங்கள் எடுத்து வைத்திருக்கிறீர்கள். அவன் இறங்கிய பிறகு கரை வெறுமையாக இருக்கும் படங்களும் அதில் நிறைய இருக்கும். வெளிச்சம் அப்போதுதான் நன்றாக ஏறியது. பறவைகள் தாமாகக் கிளம்பிப் போகும்வரை படுத்திருந்தேன். அதற்குப் பிறகு சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தேன். இறங்கவில்லை, இறங்கினால் நானும் போயிருப்பேன். சாவியைக் கொக்கியில் மாட்டிவிட்டு, கேமராவை ஒரு பனியன் பைக்குள் போட்டுக்கொண்டு, மெயின் ரோடு வரை நடந்து டவுன் பஸ் ஏறினேன். மதியம் காவலாளி பார்த்துவிட்டுப் போன் செய்தபோது நான் வீட்டில் இருந்தேன். காய்ச்சலில் படுத்திருப்பதாகச் சொன்னேன். குரல் அப்படித்தான் இருந்தது. காலையில் எழ முடியவில்லை, ரபீக்கோடு போகவில்லை என்று காத்தூன் பீவியிடமும் சொன்னேன்.

அனுமதி இல்லாமல் குழியில் இறங்கியதால் நேர்ந்த விபத்து என்று எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். நான் காத்தூன் பீவிக்கு எங்கள் முதலாளியிடம் பேசி துணியில் குறை பார்க்கும் செக்கிங் வேலை வாங்கிக் கொடுத்தேன். பிள்ளை அஃப்ஷீனுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் வாங்கிக் கொடுத்தேன். இதையெல்லாம் மனச்சாட்சி உறுத்தித்தான் செய்தீர்களா என்று கேட்டீர்கள். இல்லை. அவர்கள் எனக்கு வேண்டியவர்கள், அதனால் செய்தேன். அந்த வாரம் குளத்தோரம் சில நாரைகள் செத்துக் கிடந்ததாகவும் ராக்கையா சொன்னார். அது வேறு ஏதாவது நோயாக இருக்கலாம். நான் போய்ப் பார்க்கவில்லை.

ஒரு வருஷம் அந்தப் படத்தை யாருக்கும் காட்டவில்லை. அதுதான் எனக்குச் சிரமமாக இருந்தது. ராத்திரி கம்ப்யூட்டரைத் திறந்து நான் மட்டும் பார்த்துக்கொள்வேன். போன தீபாவளிக்கு முதலாளி, வெளிநாட்டு பார்ட்டிகளுக்குக் கொடுக்க 2008 காலண்டர் போட வேண்டும், உன்னிடம் நல்ல படம் இருக்கிறதா என்று கேட்டார். காட்டினேன். கையில் இருந்த போனைக் கீழே போட்டுவிட்டார். அய்யா, நான் பொய் சொல்லவில்லை, நிஜமாகவே கீழே போட்டார்.

படத்தின் மேல் மூலையில், கரையில், கை தூக்கியபடி ரபீக் நிற்கிறான். விரல் நகம் அளவுக்குத்தான் இருப்பான். அவனை வெட்டிவிட்டிருக்கலாம். வெட்டினால் கரையின் கோடு அறுந்து, பறவைக் கூட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்த மாதிரி ஆகிவிடுகிறது. பலமுறை முயன்று பார்த்துவிட்டு அப்படியே விட்டேன். ஒரு மனிதன் நிற்பதால்தான் அந்தக் கூட்டம் எவ்வளவு பெரிது என்பதே தெரிகிறது. படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் 'படம்: மாதவன்' என்று போடச் சொன்னேன். முதலாளி வேண்டாம் என்றார், நான்தான் வற்புறுத்தினேன்.

காலண்டர் வந்ததும், கம்பெனியில் எல்லாருக்கும் கொடுப்பது வழக்கம். செக்கிங் டேபிளில் போய் காத்தூன் பீவிக்கு நானே கொடுத்தேன். பிரித்துப் பார்த்தார். நாரைகளைப் பார்க்கவில்லை. நேராக அந்த மூலைக்குத்தான் அவர் கண் போனது. விரலை அதன் மேல் வைத்தார்: அவன் காலடியில் அந்தக் குழி, உடம்பில் அன்று காலை வீட்டிலிருந்து போட்டுப் போன சட்டை. பிறகு படத்துக்குக் கீழே இருந்த பெயரைப் படித்தார்.

"நீங்க அன்னிக்குக் காச்சல்ல ஊட்டுல இருந்தன்னு சொன்னீங்களேங்க" என்றார்.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கெஞ்சுகிற குரலில்தான் கேட்டார், இல்லை என்று நான் சொல்லிவிட மாட்டேனா என்பது போல.

"அவரு கை தூக்கியிருக்காருங்களே. நீங்க துணி காட்டலீங்களா?"

அன்றைக்கு அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. மறுநாள் உங்கள் ஜீப் வந்தது. நானாக வருவதற்கு இருந்தேன், ஜீப் முந்திக்கொண்டது. அந்தக் கேள்விக்கு இங்கே பதில் எழுதிவிடுகிறேன், அவரிடம் படித்துக் காட்டுங்கள்.

துணி என் கையில்தான் இருந்தது. அவன் கை தூக்கிய உடனே எடுத்துவிட்டேன், அத்தனை வருஷப் பழக்கம். சத்தம் போடத் தேவையே இல்லை. வலைக்கு வெளியே ஒரு முழம் நீட்டியிருந்தால் போதும். அவன் அப்படியே நின்றிருப்பான், ஏன் என்றுகூடக் கேட்டிருக்க மாட்டான். ஆனால் வலைக்கு நேர் முன்னால் இரண்டு கூழைக்கடாக்கள் நின்றன. சிவப்பு அசைந்தால் அவை எழும், அவை எழுந்தால் மொத்தக் கூட்டமும் எழும். துணியைக் கைக்குள் சுருட்டிக்கொண்டேன். துணி தெரியாவிட்டால் போகலாம் என்பது நான் வைத்த ஏற்பாடு. அவன் அதை நம்பி இறங்கினான். முகமது ரபீக்கைக் கொன்றது நான்தான். என் முழுச் சம்மதத்தோடு கையெழுத்துப் போடுகிறேன்.

ஏட்டு எழுதியதில் விட்டுப்போன ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள் அய்யா. என்னை மோசமானவன் என்று பேப்பரில் எழுதுவார்கள், எழுதட்டும். ஆனால் இத்தனை வருஷத்தில், எத்தனையோ காடு, எத்தனையோ குளம், என்னால் ஒரு பறவைகூடக் கலைந்து பறந்தது கிடையாது.